பாலத்தில் விட்டுவந்த திருடன்

மசூது லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கேம் பெட்டி அது. தென்காசி வீட்டு டிவியில் மாட்டி, கரோ என்கிற கொல்லனின் கதையில் முதல் கட்டம் தாண்டுவதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. "மிச்சத்தை நீ ஆடி எனக்குக் கதையாச் சொல்லுட்டி" என்று பொண்டாட்டி மிஸ்ரியாவிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டுச் சவுதிக்கு, தம்மாமுக்குப் பிளேன் ஏறினான். மிஸ்ரியா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு மாதம். சமையலை முடித்துக் கையைத் துடைத்தால் கரோவோடு மலை ஏறப் போய்விடுவாள். நம்மூர் மணி மூன்றுக்கு மசூதுக்குச் சாப்பாட்டு நேரம். அவன் போன் பண்ணுவான், அவள் அன்றைய கதையைச் சொல்லுவாள். ஊரை மூடிய மாயப் பனி, பனிக்குப் பின்னால் சிறைப்பட்ட கரோவின் தங்கச்சி, கூடவே வரும் ஒற்றைக்கண் திருடன். திருடன்தான் மிஸ்ரியாவுக்குச் செல்லம். வாய் திறந்தால் பொய்தான். சண்டை என்று வந்தால் முதல் ஆளாக நிற்பான்.

கட்டத்துக்குக் கட்டம் கேம் அவளிடம் கேள்வி கேட்டது. ராஜாவைக் கொல்லவா, விடவா? வாளைக் கொடுத்துக் கிராமத்தைக் காப்பாற்றவா? ஒவ்வொன்றுக்கும், சம்பந்தம் பேச வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுபோல, இரண்டு நாள் யோசித்தாள். 'உன் தீர்மானம்தான் இந்த உலகத்தின் விதி' என்று ஆரம்பத்திலேயே போட்டிருந்தார்களே!

கடைசியில் ஒரு பாலம் வந்தது. துரத்தி வருகிறவர்களை யாராவது ஒருத்தர் அங்கே நின்று தடுக்க வேண்டும். "நான் நிற்கிறேன், நீ போய்விட்டுத் திரும்பி வா" என்றான் திருடன். மிஸ்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சி இருந்த கோட்டைக்குள் போனாள்.

உள்ளே ஒரு வெளிச்சம். தங்கச்சி சிரித்தாள். பனி விலகியது என்று ஒரு குரல் சொன்னது. அவ்வளவுதான். திரை கறுத்து, கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் பாத்திமுத்து, "என்னட்டி, கரண்டு போச்சா?" என்றாள்.

"இல்ல மாமி, கதை முடிஞ்சிட்டு."

"ஒத்தக்கண்ணன் என்ன ஆனான்?"

"அவனைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

"அட நாசமாப் போற பயலுவளா!"

முன்னூறு பெயராவது ஓடியிருக்கும். இத்தனை பேரில் ஒருத்தனுக்குக்கூடவா திருடன் ஞாபகம் வரவில்லை? மிஸ்ரியா கடைசிக் கட்டத்தை மறுபடியும் ஆடி, வேறு வேறு பதில் கொடுத்துப் பார்த்தாள். அதே வெளிச்சம், அதே சிரிப்பு.

இதை மசூதிடம் எப்படிச் சொல்ல? நாலு மாதமாகக் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்த கையோடு "பெறவு? பெறவு?" என்று கேட்ட மனுஷன். அன்றைக்குத் தலைவலி என்று தப்பித்தாள். மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்ரீமதி குற்றாலத்துக்குக் கூப்பிடவும் கிளம்பிவிட்டாள். சாரல் நேரம், மெயினருவியில் பெண்கள் வரிசை நகரவே இல்லை. ஒரு மணி நேரம் ஈரத் தலைகளுக்கு நடுவில் நின்றபடி, முடிவை அவளே கட்டினாள்.

மூன்றாம் நாள் சொன்னாள்.

"பாலம் இடிஞ்சிட்டு மச்சான். திருடன் செத்துட்டான்னுதான் எல்லாரும் நெனச்சாவ. ஆனா அவன் ஆத்தோட போயி, ஒரு அருவியில விழுந்து பிழைச்சிட்டான். கரோ தேடிக்கிட்டு வாரான். அருவியில ஒரே கூட்டம். ஆம்பளை வரிசை தனி, பொம்பளை வரிசை தனி..."

"அந்த ஊர்லயுமா?"

"குறுக்கப் பேசாதிய. மலைக்கு அங்கிட்டுப் போற ரோட்டுல, செக்போஸ்ட் பக்கத்துல ஒரு கடை. உள்ள பாத்தா ஒத்தக்கண்ணன் நிக்கான். புரோட்டா வீசிக்கிட்டு."

போனில் மசூது இருமினான். இருமல் போகப் போகச் சிரிப்பானது.

"ஏட்டி, அது நம்ம புளியறை செக்போஸ்ட்தானே?"

மிஸ்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் இங்க பெருநாள் லீவுலயே யூடியூப்ல முடிவைப் பாத்துட்டேன்" என்றான் அவன்.

"அப்ப இத்தனை நாளும் ஒண்ணும் தெரியாத மாதிரி 'பெறவு'ன்னு கேட்டிய?"

"முடிவு சப்புன்னு போயிட்டு. நீ என்னன்னா அந்தத் திருடன் மேல உசுரா இருக்க. சொல்ல மனசு வரலட்டி."

அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"கோவமா?"

"ஆமா."

"சரி, கோவத்தோடயே சொல்லு. புரோட்டா கடை ஓடுதா?"

வீம்பு பண்ணப் பார்த்தாள். முடியவில்லை. "கூட்டம் தாங்கல. கரோ தங்கச்சியை அவனுக்கே பேசலாம்னு இருக்கேன்."

"திருடனுக்கா? அண்ணன்காரன் சம்மதிப்பானா?"

"பாலத்துல நின்னவன் யாரு? சம்மதிக்காம என்ன!"

"அது வேற, பொண்ணு குடுக்கது வேறட்டி..."

பேச்சு முற்றிக்கொண்டிருக்கும்போதே அங்கே வேலைக்கு மணி அடித்துவிட்டது. நாளைக்குப் பேசி முடிவு பண்ணலாம் என்று மசூது ஓடினான்.

தூக்கம் கலைந்து வந்த பாத்திமுத்து, "யாருக்குட்டி கல்யாணம் பேசுதிய? மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றாள்.

"இப்ப புரோட்டா கடை மாமி. முன்னால திருட்டு."

"நம்ம ஒத்தக்கண்ணனா? உசுரோடயா இருக்கான்?"

"இருக்கான் மாமி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு விஷயத்தை மட்டும் பொண்ணு வீட்டுல முன்கூட்டியே சொல்லிருங்க. பெறவு பேச்சு வரக்கூடாது."