இல்லாத ஆளின் கதை

கூட வேலை செய்யும் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பற்றி இரத்தினவேல் வாயைத் திறந்ததுமே ரூத் கையை உயர்த்தி மறித்துவிட்டாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வண்டிலில் ஆவி பறக்கக் கிடந்தன. தகப்பன் விட்டுப்போன சலவைக்கூடத்தை நடத்துகிற யூதப் பெண் அவள், நாற்பது வயதிருக்கும்.

“ஸ்ரீஸ்கந்தராசா இப்போது இங்கே இல்லை. இல்லாத ஆளைப் பற்றி என்னிடம் சொல்லவேண்டாம்.”

“பொய் இல்லை. நான் கண்டது,” என்றார் இரத்தினவேல், தன் உடைந்த நோர்வே மொழியில்.

“உண்மையைத்தான் சொல்லாதே என்கிறார்கள் எங்கள் பெரியவர்கள். பொய் என்றால் அது வேறு குற்றம். சொன்னவர், கேட்டவர், பேசப்பட்டவர், மூன்று பேருக்கும் சேதம். அவர் பிந்தி வந்தால் நான் அவரிடமே கேட்பேன்.” விரிப்பு ஒன்றை உதறிக்கொண்டே சொன்னாள்: “உங்களைப் பற்றியும் ஒருவர் சொல்ல வந்தார். அவரையும் நிறுத்தினேன்.” சொன்ன கையோடு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் உதட்டைக் கடித்தாள்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எந்த முதலாளிதான் கோள் கேட்க விரும்பாதவர்? கேட்காத முதலாளியிடம் ஏதோ சூழ்ச்சி இருக்கவேண்டும். அதைவிட, தன்னைப் பற்றிச் சொல்லப் போனது யார்? துணி மடிக்கிற போலந்துக்காரியா? விரிப்பு ஏற்றும் வான் ஓட்டுகிறவனா? அந்தக் கிழமை முழுக்க எல்லார் முகத்தையும் கடன்காரன் முகம்போல் பார்த்துத் திரிந்தார். தன்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தனியன், கிழவன், சிடுமூஞ்சி.

சனிக்கிழமை சலவைக்கூடம் பூட்டு. பின்னேரம் ஒஸ்லோ புறநகர் ஹவுகன்ஸ்டுவாவில், அவர் வீட்டில் தொலைபேசி அடித்தது. பேர்கன் நகரிலிருந்து இராசதுரை. நோர்வேக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்த பழக்கம். இரத்தினவேலின் மனுசி செத்த பிறகு அவரைக் கூப்பிடுகிற ஒரே குரல் அதுதான்.

“என்ன காணும், புதினம் ஏதும்?”

புதினம் நாக்கு நுனியில் நின்றது. இந்தக் கிழமைத் தொடக்கத்தில் ஒரு காலை, ஹவுகன்ஸ்டுவா ஸ்டேசனில், ஸ்ரீஸ்கந்தராசா ரயில் மேடை வாங்கில் குந்தியிருந்தான். ரயில் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. அவன் ஏறவில்லை. முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் பக்கத்தில் போகாமல் கடைசிப் பெட்டியில் ஏறி, வேலைக்கு வந்து, அதைத்தான் ரூத்திடம் சோம்பேறித்தனம் என்று சொல்லப் பார்த்தார். இதை இப்போது இராசதுரையிடம் சொன்னால் இரவுக்குள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் வரை போகும். அழுதவனுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கட்டிவிடுவார்கள்.

“ஒண்டுமில்லை,” என்றார்.

“ஏன், ஒஸ்லோவிலை சனம் செத்துப்போச்சே? உம்மடை ஸ்ரீஸ்கந்தராசா எப்பிடி?”

“அவனைப் பற்றிக் கதைக்கவேண்டாம்.”

“ஓகோ! கோயில்லை விரதமோ? இல்லாட்டி யூதப் பொம்பிளை மந்திரம் போட்டிட்டாளோ?”

“கோள் கூடாது எண்டாள்.”

“அப்ப நான் இவ்வளவு நாளும் உம்மோடை கோளே கதைச்சனான்?” இராசதுரை சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “சுவரோடை கதைக்கலாம். போனை வையும்.”

அடுத்த சனிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. இரத்தினவேல் ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார். இத்தனை வருசம் இரண்டு பேரும் நோர்வேயிலுள்ள முழுத் தமிழரையும் அலசிக் காயப்போட்டிருக்கிறார்கள். இராசதுரைக்கு இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் வந்ததையே மூன்றாம் ஆள் சொல்லித்தான் இவர் அறிந்தார். அலச அடுத்தவர்கள் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன மிச்சம்?

ஒரு சனிக்கிழமை, சமைக்காத அடுப்பைப் பார்த்தபடி நின்றவர், தானே இலக்கத்தை அழுத்தினார். அங்கே தமிழ்ச் செய்தி உரக்க ஓடியது. இலங்கைச் சமாதானப் பேச்சு பற்றி யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஆரைப் பற்றிச் சொல்லப்போறீர்?” என்றார் இராசதுரை, எடுத்த எடுப்பில்.

“என்னைப் பற்றி.”

“உம்மைப் பற்றி என்ன கிடக்கு?”

இரத்தினவேல் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது எப்படித் தொடங்கும் என்றே தெரியவில்லை.

“நாலு நாளாய்ச் சோறு வைக்கேல்லை, காணும். ஒரு ஆளுக்கெண்டு அரிசி கழுவ மனம் வருகுதில்லை.”

செய்தி வாசிக்கிறவரின் குரல் மெல்ல மெல்லத் தணிந்து, இல்லாமல் போனது. பிறகு பேர்கனில், தரையில் ஒரு கதிரை தொலைபேசிக்குக் கிட்ட இழுபடும் சத்தம் கேட்டது.