முட்டுக் கொடுத்த குற்றம்

ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் வாழையை வாரிப்போட்ட ஒன்பதாம் நாள், சேதம் கணக்கெடுக்க விவசாய ஆபீஸிலிருந்து ஜெயப்பிரகாஷ் வந்து சேர்ந்தான். விழுந்த மரமெல்லாம் அதற்குள் அழுகி ஈ மொய்த்தது. அவனோ பேண்ட் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல வரப்பில் நடந்தான்.

"எத்தினி மரம்மா சேதம்?"

"ஆயிரத்துல அறுவது ஒடிஞ்சிபோச்சு. நானூறு சாஞ்சிது. மறுநாளே சவுக்குக் கழி வாங்கியாந்து முட்டுக் குடுத்து நிமித்திட்டோம்" என்றாள் புஷ்பவள்ளி.

"அதான் நிக்குதே!"

"நிமித்துனா நிக்காதா தம்பி?"

"நிக்கிற மரத்த எப்பிடிம்மா சேதம்னு எழுதறது? மூணுல ஒரு பங்காவது தரையில கெடக்கணும். படம் எடுத்து ஆப்ல ஏத்துனாதான் நிவாரணப் பட்டியல்ல பேரு வரும்."

"வேரு பாதி அறுந்துபோச்சு. கழியாலதான் நிக்குது. காயப் பாரு, ஆலங்கட்டி அடிச்சி அம்மை போட்டாப்புல இருக்கு."

"ஆலங்கட்டியா? எங்க சிதம்பரம் அண்ணாமலை நகர்ல ஒரு தூறல்கூட இல்லியே!"

"அப்ப தப்புதான். சிதம்பரத்துல பெய்யாம கடலூர்ல பெஞ்சிருக்கக் கூடாது. அடுத்த தடவ வந்தா மழைகிட்ட சொல்லிடறேன்."

அடுத்த நிலத்துக்காரர் மணவாளன் கையில் சோடாவோடு வந்தார். காற்றடித்த மறுநாளிலிருந்து ஒரு மரத்தையும் தொடாமல், கட்டிலில் படுத்தே சேதத்தைப் பத்திரமாகக் காத்தவர். அன்றைய பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

"நான் அன்னிக்கே சொன்னேன் புஷ்பா, தொடாதன்னு."

"நீங்க எதத்தான் தொட்டீங்க மாமா, வாழ வெச்சதுலேர்ந்து?"

மணவாளன் சோடாவை அவனிடம் நீட்டினார். அவன் குடித்து, வாயைத் துடைத்து, பெரிய மனசு பண்ணுகிறவன்போலக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு செய்யலாம். முட்டுக் கழியெல்லாம் எடுத்துடுங்க. விழுந்ததும் படம் எடுத்துக்கறேன். அப்புறம் திரும்ப நிறுத்திக்கங்க."

புஷ்பவள்ளி அவன் முகத்தையே பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னான்.

நிலம் குத்தகை. தார் முற்ற இன்னும் இருபது நாள். அம்மைக் காயானாலும் பாதி விலைக்காவது போகும். குத்தகை கட்டினால்தான் அடுத்த வருஷம் இந்த மண்ணில் கால் வைக்கலாம். பட்டியல் வேண்டுமென்றால் நானூறு தாரையும் தரையில் போட வேண்டும். போன வருஷம் பட்டியலில் ஏறிய பெயர்கள் இன்னும் ஆபீஸ் மாடிப்படிதான் ஏறிக்கொண்டிருந்தன.

"சரி, கிட்ட வா. செல்போன எடுத்து வெச்சிக்க."

அவனுக்குப் பக்கத்திலிருந்த மரத்தின் கழியை ஒரே இழுப்பில் உருவினாள். மரம் நிதானிக்கவேயில்லை. மொத்தமாகச் சரிந்து, தண்டு பிளந்து, தார் நசுங்கி, காய்கள் சிதறின. தெறித்த பால் அவன் வெள்ளைச் சட்டையில் மார்போடு விழுந்தது.

"ஐயய்யோ! இது போவுமாம்மா?"

"வாழைக் கறை தம்பி. சட்ட கிழியிற வரைக்கும் இருக்கும். படம் புடிச்சியா?"

"புடிச்சேன்."

"இப்ப இதத் திரும்ப நிறுத்திக் காட்டு."

அவன் மரத்தைப் பார்த்தான். மணவாளனைப் பார்த்தான். மணவாளன் வானத்தைப் பார்த்தார்.

"உன் ஆப்ல ஒண்ணு சேத்துக்க. அறுவத்தி ஒண்ணு ஆச்சு. மீதியில கை வெக்க மாட்டேன், என் பேரும் வேணாம். வெயிலு ஏறுது, கெளம்பு."

"அப்புறம் வந்து கேக்கக் கூடாதும்மா."

"உன்னயா? நானா?"

அவன் வரப்பேறிப் போனான். இந்தமுறை பேண்டைத் தூக்கிப் பிடிக்கவில்லை. புஷ்பவள்ளி உருவிய கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடுத்த வரிசையில் ஒற்றைக் கழியில் ஆடிக்கொண்டிருந்த மரத்திடம் போனாள்.

"மாமா, சும்மாதான நிக்கிறீங்க. இதக் கொஞ்சம் புடிங்க, கட்டிடறேன்."

மணவாளன் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "ஆங், சொல்லுப்பா" என்றபடி நகர்ந்தார். அவள் கழியை முழங்காலால் அண்டக் கொடுத்து, பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு, தானே கட்டினாள்.