ஐந்தாவது வயர்

ஜூலை மாதத்து சவூதியில் அறையைச் சூடாக்கும் மெஷினைச் சோதித்துப் பார்க்கிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்வார்கள். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அந்தப் பட்டம் எனக்கு வேண்டாமென்று பதினெட்டு வீடுகளில் சோதிக்காமல் விட்டேன். சோதித்திருந்தாலும் சூடு வந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது நான் ஜுபைலில் ஒரு ஏசி கான்ட்ராக்ட் கம்பெனியில் ஃபோர்மேன். ஜுபைலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அந்த ஊர் பலதியா, நம் ஊர்க் கணக்கில் நகராட்சி, வருமானம் இல்லாத அறுபது வீடுகளுக்குத் தன் செலவில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி மாட்டிக் கொடுக்கும் வேலையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்தது. அரபு நாட்டில் ஏழை வீடு என்று ஒன்று இருப்பதே அந்த வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அதுவரை பார்த்த அரபிகள் எல்லாம் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிப் பேசுகிறவர்கள். இங்கே பெயின்ட் உரிந்த சுவரும், தகரத்தால் ஒட்டுப்போட்ட கதவுமாக இருந்தது.

திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. புது மெஷின் மாட்டியதும் பழைய ஜன்னல் ஏசியையும் மண்ணெண்ணெய் ஹீட்டரையும் ஒப்படைத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரைப் பற்றவைத்து, புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போகிறவர்கள் இருக்கிறார்களே என்று பலதியாவுக்குக் கவலை. நல்ல நிபந்தனைதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்த மெஷின் வெயில் காலத்தில் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். ஒரு வால்வு திரும்பினால் அதே கேஸ் எதிர்ப்பக்கமாக ஓடி, குளிர் காலத்தில் வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து உள்ளே கொண்டுவரும். அந்த வால்வுக்குக் கரண்ட் போகத் தனியாக ஒரு வயர் வேண்டும். குளிர் மட்டும் போதுமென்றால் நாலு வயர் உள்ள கேபிள் போதும். சூடும் வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒன்று.

நாற்பத்திரண்டு வீடு முடிந்தபோது ஐந்து வயர் கேபிள் தீர்ந்துபோனது. ஸ்டோரில் முகம்மது சித்தீக் என்ற கீழக்கரைக்காரர் இருந்தார்.

“அஞ்சு வயர் மாஃபி, ஒண்ணுகூட இல்ல தம்பி. தம்மாம்லேருந்து வர மூணு வாரம் ஆவும். நாலு வயர்னா எத்தனை ரோல் வேணும் சொல்லுங்க, இப்பவே ஏத்தி விடுறேன்” என்றார்.

எனக்கு மூன்று வாரம் பொறுக்க முடியாது. ஆகஸ்ட் பத்தாம் தேதி லீவு. ஊரில் என் மனைவி உமாராணிக்கு நிறைமாதம். முதல் பிள்ளை. அறுபது வீடும் முடிந்து கையெழுத்தானால்தான் கம்பெனியிடம் இருக்கும் பாஸ்போர்ட் கையில் வரும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் நாலு வயர் கேபிளை வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

என்னோடு வேலை பார்த்த மெக்கானிக் ராக்கப்பன் திருவாடானைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதவியில் எனக்குக் கீழே, வேலையில் எனக்கு மேலே. அவர் கேபிளின் முனையைச் சீவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, இதுல சூடு வராதே.”

“இப்ப யாருண்ணே சூடு கேக்குறா? குளிர் வர டிசம்பர் ஆயிரும். நான் அக்டோபர்லயே திரும்பி வந்துருவேன். கேபிளும் வந்துரும். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பதினெட்டு வீட்டுக்கும் அந்த ஒரு வயரை இழுத்து விட்டுருவோம்.”

“ஃபார்ம்ல சூடு செக் பண்ணியாச்சுன்னு டிக் போடணுமே.”

“போட்டுக்கிறேன். கையெழுத்து என்னதுதானே?”

அவர் கேபிளை அளந்து வெட்ட ஆரம்பித்தார். ஃபோர்மேன் சொன்னால் மெக்கானிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பலதியா இன்ஜினியரும் காரை விட்டு இறங்காமலேயே ஃபார்மை வாங்கிக்கொள்கிறவர். அந்த வெயிலில் அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

பதினெட்டில் கடைசி வீட்டை நாங்கள் கட்டில் வீடு என்போம். இருந்ததே இரண்டு அறை. முன்னறையின் நடுவில் இரும்புக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவராம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் மனைவி எங்கள் முன்னால் வரவில்லை. உள்ளறை வாசலில் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். டீ கொடுக்கும்போது கை மட்டும் வரும்.

மெஷினைப் போட்டதும் குளிர்ந்த காற்று வந்தது. பெரியவர் பாதி வாயால் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டாள். எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி அரபியில் கேட்டாள்.

“சூடு? இதில் சூடும் வருமா? அவரால் குளிர் தாங்க முடியாது. போன வருஷமே மிகவும் கஷ்டப்பட்டார். எனக்குச் சூட்டைக் காட்டு.”

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. ராக்கப்பன் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

“இந்த வெயிலில் சூடு எதற்கு மாமா? குளிர் காலத்தில் வரும். இன்ஷா அல்லாஹ்” என்றேன். அரபு வீடுகளில் வயதான பெண்களை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

“இன்ஷா அல்லாஹ்” என்று அவளும் சொன்னாள். நான் தப்பிப்பதற்காகச் சொன்னேன். அவள் நம்பிச் சொன்னாள்.

மூலையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தது. சுத்தமாகத் துடைத்து, துணி போர்த்தி வைத்திருந்தாள். அதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டாள். பலதியா சட்டம் மாமா என்றேன். நானே தூக்கிக்கொண்டு போய்ப் பிக்கப்பில் வைத்தேன். உள்ளே கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்து குலுங்கியது. அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க எனக்கு இருபது அடி நடந்தால் போதும்.

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் அந்தப் பிஞ்சு விரல்களைப் பிரித்துப் பார்ப்பதிலேயே ஓடிவிட்டது. அக்டோபரில் திரும்பி வந்தபோது ஐந்து வயர் கேபிள் ஸ்டோரில் ரோல் ரோலாகக் கிடந்தது. எனக்கு வேறு சைட் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒன்றுதான் லீவு. அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும், பிரியாணி சாப்பிட வேண்டும், கார்டு போட்டு வீட்டுக்குப் பேச வேண்டும், தூங்க வேண்டும். ராக்கப்பன் நவம்பரில் ஒரு தடவையும் டிசம்பரில் ஒரு தடவையும் ஞாபகப்படுத்தினார். “அடுத்த வெள்ளி கண்டிப்பாண்ணே” என்று இரண்டு தடவையும் சொன்னேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

ஜனவரியில் அந்தக் குளிர் வந்தது. இருபது வருஷமாக அங்கே இருக்கிறவர்களே இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். கேம்ப்பில் ஸ்வெட்டரைப் போட்டு, அதற்கு மேல் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். கம்பெனிக்குக் கம்ப்ளெயின்ட் வந்தது. பதினோரு வீட்டில் சூடு வரவில்லை. மூன்று நாளில் சரிசெய்து கொடு என்று மேனேஜர் என் கையில் லிஸ்டைத் திணித்தார். வேகமாக மேலிருந்து கீழே பார்த்தேன். கட்டில் வீடு அதில் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

“கட்டில் வீடு இல்லையே தம்பி” என்றார் ராக்கப்பன்.

“கம்ப்ளெயின்ட் இல்லைன்னா ஓடுதுன்னுதாண்ணே அர்த்தம்.”

“வயரே இல்லாம எப்படி ஓடும்?”

பதினோரு வீட்டையும் முடித்துவிட்டு, லிஸ்டில் இல்லாத ஏழு வீட்டில் முதலாவதாகக் கட்டில் வீட்டுக்கு நாலாவது நாள் போனோம். கதவைத் திறந்தது அந்த அம்மாளின் தம்பி. முன்னறையில் கட்டிலை மடக்கிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியதாம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். போய் ஒன்பது நாள் ஆகிறது.

அவர் எப்படியும் போயிருப்பார், உடம்பு அந்த நிலைமையில்தான் இருந்தது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாளும் மனசு அதை ஏற்றுக்கொண்டதில்லை.

ராக்கப்பன் வயரை எடுத்துக்கொண்டு வெளி மெஷின் பக்கம் போனார். நான் உள் மெஷினின் மூடியைக் கழற்றி, அவர் ஓட்டை வழியாகத் தள்ளிவிட்ட வயரின் முனையை மாட்டினேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை. அந்த அம்மாளின் தம்பி எனக்குக் கஹ்வா, அரபுக் காபி, ஊற்றிக் கொடுத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் பேசினாள்.

“நீ அன்றைக்கு வந்த பிள்ளைதானே? எனக்கு இந்த மெஷினை ஓட்டத் தெரியவில்லை மகனே. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன். சூரியன் படம் போட்டதையும் அழுத்தினேன். விளக்கு எரிந்தது, காற்று வரவில்லை. பலதியாவில் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா கொடுத்த சாமானை எழுதப் படிக்கத் தெரியாதவள் கெடுத்துவிட்டாள் என்பார்கள். பழைய ஹீட்டர் இருந்தால் அதையாவது பற்ற வைத்திருப்பேன். அது எனக்குப் பழக்கம்.”

திரையை விலக்கிக்கொண்டு ஒரு கை நீண்டது. அதில் ரிமோட். நான் ஜூலையில் கொடுத்தபோது இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். சூரியன் படத்துக்கு மேலே மட்டும் அந்த உறை தேய்ந்து வெளுத்திருந்தது.

வெளியிலிருந்து ராக்கப்பன் குரல் கொடுத்தார். “தம்பி, போடுங்க!”

நான் ரிமோட்டை வாங்கிச் சூரியனை அழுத்தினேன். உள்ளே குழாய் சூடேறும் வரை இந்த மெஷின் காற்று விடாது; கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு காற்று வந்தது. முதலில் இளஞ்சூடு, அப்புறம் நல்ல சூடு. பச்சைத் திரை அசைந்தது. கட்டில் கிடந்த இடத்துக்குத்தான் காற்று நேராக வந்தது. அப்படி வரட்டும் என்றுதான் ஜூலையில் இடம் பார்த்து மாட்டியிருந்தோம்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டாள்.

“எந்தப் பொத்தான்?”

‘என் தப்பு’ என்று அரபியில் சொல்ல எனக்குத் தெரியும். மேனேஜரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டே வார்த்தை. ஆனால் பக்கத்தில் அவள் தம்பி நிற்கிறார். என் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் பலதியாவில் இருக்கிறது. போலீஸ் இருக்கிறது. ஊரில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

“இதுதான் மாமா, சூரியன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் அதை எத்தனை தடவை அழுத்தியிருக்கிறாள் என்று அந்த உறையே சொல்கிறதே, அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று பயந்து, மேலும் ஒன்று சொன்னேன். “அழுத்தினவுடன் விரலை எடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும்.”

அப்படி ஒன்றும் கிடையாது. எந்த ரிமோட்டிலும் கிடையாது.

“பிடித்திருக்க வேண்டுமா?” என்றாள். “நான் எடுத்துவிட்டேனே. ஒவ்வொரு தடவையும் உடனே எடுத்துவிட்டேனே.”

கை மறுபடியும் நீண்டது. ரிமோட்டைக் கொடுத்தேன். திரைக்கு வெளியே இருந்த அந்தக் கை அதை வாங்கி, கட்டைவிரலைச் சூரியன் மேல் வைத்து அழுத்தியது. நான் டூல் பேக்கை எடுத்தேன். அவள் தம்பியிடம் சொல்லிக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக் கயிறு கட்டினேன். எழுந்து திரும்பிப் பார்த்தபோது அந்தக் கை அங்கேயே இருந்தது. விரலை அவள் எடுக்கவே இல்லை.