முந்நூறு வெள்ளி

நகக்கண்ணில் இருந்த சிவப்பு போகவில்லை. அரப்பு தேய்த்தார்கள், சோப்பும் போட்டுப் பார்த்தார்கள். குளிப்பாட்டிக்கொண்டிருந்த திவாகரன், அண்ணனின் கையைத் தன் மடியில் வைத்தபடி நிமிர்ந்தான்.

"வேற ஏதாச்சும் போட்டுத் தேய்க்கவா அண்ணி?"

"வேணாம் தம்பி. இருக்கட்டும்," என்றாள் யோகேஸ்வரி.

யோகேஸ்வரியின் கணவன் சிவநேசனுக்குச் சாகும்போது நாற்பத்தாறு வயது. மலேசியாவின் குருணில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுப் பதினெட்டு வருடமாக மோட்டார் சைக்கிள்களுக்கு பெயின்ட் அடித்தான். கூலிம் கம்பெனிப் பையன்கள் ஷிப்ட் முடிந்ததும் நேரே அங்கேதான் வருவார்கள். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கும். "ரோட்டோரத்துல ஐந்நூறு வெள்ளிக்கு அடிச்சுத் தரான் லா அண்ணே" என்பார்கள். சிவநேசனுக்குக் கோபம் வராது. இரும்பு தெரியச் சுரண்டணும், பட்டி பூசித் தேய்க்கணும், வெள்ளி நிறத்துக்கு மேல சிவப்பை ஏழு தடவை அடிக்கணும், அதுக்கு மேல கிளியர் மூணு தடவை என்று விரல் மடக்கிச் சொல்வான். கடைசி ஒரு வருடமாகச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். பெயின்ட் புகை நுரையீரலைத் தின்றுவிட்டது, இனி ஸ்பிரேயைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

"கையில இருக்கிறது ஒண்ணுதான். அதை முடிச்சிடறேன்," என்றான். முடித்தான்.

அந்த ஒன்றுக்கு உரியவன் பதினொரு மணிக்குச் சாவு வீட்டுக்கு வந்தான். மெர்கோங் ஊர்க்காரன் ஹசன். முகம் பார்த்துவிட்டு ஓரமாக நின்றவனை யோகேஸ்வரி கூப்பிட்டாள். அலமாரிக்கு மேலிருந்து, பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த பெட்ரோல் டேங்கை இறக்கிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு வரலக்கா," என்றான் அவன்.

"தெரியும். எடுத்துக்குங்க. உங்களுக்காகத்தான் வச்சிருந்தாரு."

போர்வையை விலக்கினான். வாசல் வெயில் அந்தச் சிவப்புக்குள் இறங்கி அடியில் எங்கோ நின்றது. ஹசன் தொடவில்லை.

"நாந்தான்கா பேரம் பேசுனேன். ரெண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி சொன்னாரு. முந்நூறு கொறைங்கண்ணேன்னு ஒரே பிடியா நின்னேன். சிரிச்சிட்டு, சரி, எதையாச்சும் ஒண்ணைக் கொறைச்சுக்கிறேன்னாரு. எதையும் கொறைக்கலக்கா. பாருங்க, ஒரு தூசி இல்ல."

எதைக் குறைத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் முகமூடிக்குப் புது ஃபில்டர் ஒரு ஜோடி வாங்குவான். இதற்கு வாங்கவில்லை. பழையதையே தட்டிப் போட்டுக்கொண்டான். அதுவும் அடைத்துக்கொண்டபோது துண்டை நனைத்து மூக்கில் கட்டினான். கேட்டதற்கு, "ஒரு வேலைதான லா" என்றான்.

சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஹசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"ஒண்ணும் கொறைக்கல தம்பி," என்றாள். "வெயில்ல வைக்காதீங்க. போர்த்திக்கிட்டுப் போங்க."

மூன்று மணிக்கு ஆண்கள் சிவநேசனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். யோகேஸ்வரி பின்பக்கம் போய், இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்தாள்.

பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை முகத்தில் வந்து மோதியது. பதினெட்டு வருடம் இந்த வாடையோடு அவனைச் சமையல்கட்டுக்குள் அவள் விட்டதில்லை. வேண்டுமென்றே பின்னால் வந்து தோளில் தாடையை வைப்பான். "மொதல்ல போய்க் குளிங்க" என்று முழங்கையால் தள்ளுவாள்.

கண்ணை மூடி இழுத்தாள். இன்னொரு தரம். இன்னொரு தரம். மூக்குக்குப் பழகிப்போய், வாடை சட்டென்று இல்லாமல் போயிற்று. வெறும் கொட்டகைதான் இருந்தது.

வெளியே வந்து துணிக்கொடியருகே நின்றாள்.

"யோகா, தலைக்குத் தண்ணி ஊத்தணும். வா," என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி குளியலறை வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"வரேன்கா."

மூக்கு தெளிய, நல்ல காற்றாக நாலைந்து மூச்சு இழுத்தாள். பிறகு திரும்பி, மறுபடியும் கொட்டகைக்குள் போனாள்.