கதவு பொருத்தும் இயந்திரம்

ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடுச்சாலையில் ஓடினேன். டாக்ஸிக்காரன் ஒருவன் சடாரென்று பிரேக் போட்டு, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். நின்று பதில் சொல்ல நேரமில்லை. கையில் போன் அலறியது.

"அர்கிரோ, எங்கடீ இருக்க?"

"ரோட்டுல."

"பாத்து வா. உங்க வீட்டு ஆளு ஒருத்தன் இங்க படுத்திருக்கிறதே போதும். மூணு மணிக்கு எனக்குப் பதில் வேணும்."

பேசியது மிர்சினி. பள்ளிக்காலத்துத் தோழி, இப்போது ஐசியூ டாக்டர். அவள் சொன்ன ஆள் என் தம்பி ஸ்த்ராதிஸ். தீயணைப்புப் படையில் கோடைக்கால வேலை. ஒன்பது நாளுக்கு முன், ஏதென்ஸுக்கு வெளியே பார்னிதா மலைக் காட்டுத்தீயில் காற்று திசை மாறியது. நெருப்பு விட்டுவைத்த உடம்பை இப்போது கிருமி தின்றுகொண்டிருந்தது. காலையில் ரத்தத்துக்குள் இறங்கிவிட்டது.

மருந்து இரண்டே இரண்டு. ஒன்று பழைய ஊசி. பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்னொன்று எங்கள் ஆய்வகத்தின் புது மருந்து. மனிதருக்குப் போட்டதில்லை, விசேஷ அனுமதி வாங்கி வைத்திருந்தோம். இரண்டுமே சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை. ஒன்று ஏறிவிட்டால் ஒரு நாளைக்கு இன்னொன்றைத் தொடக்கூட முடியாது. ஸ்த்ராதிஸிடம் ஒரு நாள் இல்லை.

மூச்சுக்குழாய் வைப்பதற்கு முன் அவனே கேட்டான்.

"எலிங்களுக்குப் போட்டியேக்கா, எத்தனை பொழைச்சுது?"

"பாதி."

"பரவால்ல. நம்ம வீட்டுல நான் எப்பவுமே எலிதான்."

இந்த ஜாதிக் கிருமிக்கு இரட்டைத் தோல். வெளித்தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கதவுகள். ஒவ்வொன்றும் பீப்பாய்போலச் சுருண்ட ஒரு புரதம். உள்ளே தயாராகி வரும்போது அது வெறும் நூல். அந்த நூலை வாங்கி, சுருட்டி, வெளித்தோலில் பொருத்துவதற்கென்றே ஓர் இயந்திரம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மருந்து அதன் வாயை அடைத்துவிடும். புதுக் கதவு இல்லை. கொஞ்ச நேரத்தில் கிருமியும் இல்லை. ஆனால் சில கிருமிகளில் அந்த வாய் உருமாறிப் போயிருக்கும். மருந்து ஒட்டாது.

தம்பியின் உடம்பில் இருப்பது எந்த ரகம்? தட்டில் வளர்த்துப் பார்த்தால் நாளைக் காலையில் தெரியும். ஜெல்லில், அதாவது மின்சாரம் பாயும் கூழ்ப்பாளத்தில், ஓட்டினால் இன்றே தெரியும். சுருண்ட புரதம் ஜெல்லில் விறுவிறுவென்று இறங்கிக் கீழே கோடு போடும். சுருளாத நூல் சிக்கிச் சிக்கி மேலேயே நின்றுவிடும். மேலே கோடு விழுந்தால் மருந்து வேலை செய்கிறது.

நோயாளியின் சொந்தக்காரர் கிருமி அறைக்குள் போகக்கூடாது. வழக்கமாக உள்ளே வேலை பார்க்கும் எங்கள் பாந்தெலிஸ், ஆகஸ்ட் பதினைந்து மாதா பண்டிகைக்குத் தீவுக்குக் கப்பலேறிவிட்டான். ஏதென்ஸே காலி. அதனால் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்து ஸினோவியாக்கா உதவிக்கு வந்தாள். தம்பியின் கிருமியோடு மருந்தை அரை மணி நேரம் கலந்து வைத்து, ஆறு ட்யூபை ஐஸ் பெட்டியில் அடுக்கி வாசலில் நீட்டினாள்.

"புடி பொண்ணே. உன் மூஞ்சியைப் பாத்தா உன்னைத்தான் மொதல்ல பெட்டுல போடணும். எதாவது தின்னியா?"

"அப்புறம்க்கா."

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து படாத கிருமி வேண்டும். தம்பியின் கிருமியிலேயே அதையும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு அரை மணி ஆகும். எங்கள் ஆய்வகத்துக் கிருமியே போதும் என்று நான்தான் முடிவு செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஜெல்லில் ஏற்றினேன். இரண்டே முக்காலுக்கு விளக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கிருமியின் கோடு கீழே. தம்பியுடையது ஆறும் மேலே. பளிச்சென்று, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல்.

"மிர்சினி! அடைச்சிருச்சு! புதுசையே போடு!"

"நிச்சயமா?"

"நிச்சயம்டீ."

நாற்காலியில் விழுந்து அழுதேன். ஜெல்லைப் படமெடுக்க மறுபடி எழுந்தபோது மணி மூன்றேகால்.

படத்தைப் பார்த்தேன். பெரிதாக்கி மறுபடி பார்த்தேன்.

மருந்து பட்டது அரை மணி நேரம்தான். அது புதுக் கதவைத்தானே தடுக்கும்? அதற்கு முன்பே பொருத்தப்பட்ட பழைய கதவுகள் எங்கே போயின? கீழே மங்கலாக ஒரு கோடாவது இருக்க வேண்டும். ஆறு வரிசையிலும் ஒன்றுமில்லை. எந்த மருந்தாலும் இப்படிச் செய்ய முடியாது.

சூட்டால் முடியும். கொதிக்க வைத்தால் நன்றாகச் சுருண்ட பீப்பாயும் பிரிந்து நூலாகிவிடும். மருந்து பட்டதும் படாததும் மேலேயே ஒரே கோடு. அதனால்தான் இந்த ட்யூப்களில் எங்கள் ஆட்கள் சூடே காட்டுவதில்லை. எங்களுக்குள் அதை யாரும் யாருக்கும் சொல்வதுகூட இல்லை.

மிர்சினியை அழைத்தேன்.

"ஏத்தியாச்சா?"

"முழு டோஸும் போயாச்சு. ஏன்டீ? குரல் ஏன் இப்படி இருக்கு? அர்கிரோ?"

துண்டித்துவிட்டு ஸினோவியாக்காவைப் பிடித்தேன். வாயில் எதையோ மென்றுகொண்டே எடுத்தாள்.

"என்ன பொண்ணே, நல்ல சேதிதானே?"

"அக்கா, ட்யூபை எங்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணேன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ், என்னையா கேக்குற? உன் அவசரத்துல நீ மறந்துட்டன்னு நானே பாத்து செஞ்சேன். ஆஸ்பத்திரிக் கிருமி பத்து நிமிஷம் கொதிக்காம என் ரூம் வாசலைத் தாண்டாது."