ஒரு கட்டை கீழே

மூன்றாவது முறையும் அதே இடத்தில் டோரீனின் குரல் உடைந்தது. ‘ஸ்டே’ என்று நீட்டிப் பிடித்து நிற்க வேண்டிய இடம். பாட்டுக்கு உயிரே அங்கேதான். ஓடிப்போய்ப் பிடிக்கும்போது நழுவிவிடும் பஸ் கம்பி மாதிரி, கிட்டே போன குரல் தொடாமலே திரும்பி வந்தது. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஒலிப்பதிவு செய்யும் சந்தானம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேண்டின் மற்ற மூன்று பேரும், க்ளென், ஹரிஷ்குமார், ஹெர்பர்ட், அவளைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜாஜி நகரில் ஒரு மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. தினமும் பக்திப் பாடல், இடையிடையே சோப்பு, ஊதுபத்தி விளம்பரம். ராக் பாட்டு என்று ஒரு கூட்டம் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமையில்தான் முதல் தடவை. கல்லூரி பேண்டுகளின் பாட்டுகளைத் தொகுத்து ஒரு கம்பெனி கேசட் போடப்போகிறது, ஆளுக்கு ஒரு பாட்டு, சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும் என்று செய்தி வந்ததிலிருந்து நாலு பேருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை. தங்கள் பேண்டுக்கு ‘லெவல் கிராசிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒத்திகை பார்க்கும் மாதா கோயில் ஹாலுக்குப் பின்னால் ரயில் போகும்போதெல்லாம் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர்.

அந்த ஹால்தான் டோரீனைப் பேண்டில் சேர்த்தது. அவள் அப்பா மதலைமுத்து கோயிலில் உபதேசியார். ஹால் சாவி அவரிடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் க்ளென் வந்து ஹால் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “அப்பாவ நான் பாத்துக்கறேன். ஆனா நான்தான் பாடுவேன்” என்று டோரீன் பட்டென்று சொல்லிவிட்டாள். பேரம் படிந்தது. அன்றிலிருந்து எத்தனையோ கல்லூரி விழாக்களில் பாடியாகிவிட்டது, கைதட்டல் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் சாவியைக் காட்டித்தான் உள்ளே வந்தோமோ என்கிற நினைப்பு செருப்புக்குள் சின்னக் கல் மாதிரி அவளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

சந்தானம் தன் பக்கத்து மைக்கின் பொத்தானை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. டோரீனின் கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து பேச்சு கேட்டது.

“டைம் ஆகுது மச்சா. நீயே பாடிடு” என்றான் ஹரிஷ். “உனக்கு அந்த நோட்டு வரும்ல.”

“சும்னே இருடா” என்றது க்ளெனின் குரல். “ஹால் சாவி அவங்க அப்பாகிட்ட இருக்கு. நாளைக்கு எங்க போய் பிராக்டிஸ் பண்ணுவ?”

டோரீனுக்குக் காது மடல் சுட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். அந்தக் கோபத்தோடேயே, பின்னணி இசை எதுவும் இல்லாமல், பாட்டை முதல் வரியிலிருந்து தானாகவே ஆரம்பித்துப் பாடினாள். ‘பிளாட்ஃபார்ம் டிக்கெட்’ என்று பாட்டுக்குப் பெயர். வழியனுப்ப வந்தவள், ரயில் நகரும்போது போகாதே என்கிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டாவது சரணம் முடிந்து ‘ஸ்டே’ வந்தது. குரல் ஏறியது, நின்றது, நிறைந்தது. உடைசல் எதுவும் இல்லை.

சந்தானம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“சார், நான் இப்ப பாடினது எந்தச் சுருதி?” என்று கேட்டாள் டோரீன்.

அவர் கீபோர்டில் இரண்டு இடம் தட்டிப் பார்த்தார். “ஒரு கட்டை கீழ பாடுறம்மா. முழுசா ஒரு கட்டை.”

“நான் கீழ பாடல. எப்பவும் பாடுற இடத்துலதான் பாடுறேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் விஷயம் பிடிபட்டது. “க்ளென், அந்தப் பியானோடா!”

ஹாலின் மூலையில் நிற்கும் பியானோ வெள்ளைக்காரன் காலத்து உருப்படி. மழைக்கு ஒழுகும் கூரைக்கு நேர் கீழே நின்றது. பாதிக் கட்டைகள் அழுத்தினால் திரும்ப மேலே வராது. ஒழுங்காகச் சத்தம் தரும் நடுக்கட்டை ஒன்றை வைத்துத்தான் க்ளென் கிடாருக்குச் சுருதி சேர்ப்பான். க்ளெனைக் கேட்டு ஹரிஷ் தன் பேஸ் கிடாரைச் சேர்த்துக்கொள்வான். கோயில் கடிகாரத்தைப் பார்த்து எல்லாரும் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்களே, அப்படித்தான். கோயில் பியானோ தப்பாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அது ஒரு கட்டை இறங்கிக் கிடந்திருக்கிறது. மேடையிலும் எல்லாருமே சேர்ந்து தப்பாக இருந்ததால் தப்பு யார் காதிலும் விழவில்லை. இன்று காலை டோரீன் பூசையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், சந்தானம் தன் கீபோர்டுக்குச் சரியாகச் சுருதி வைக்கச் சொல்லி டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாவற்றையும் பதிவு செய்து முடித்துவிட்டார். கம்பி வழக்கத்தைவிட முறுக்கலாக இருக்கிறதே என்று க்ளெனுக்குப் பட்டது உண்மை. புதுக் கம்பி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

“இதுக்கா இவ்ளோ கலாட்டா?” என்றார் சந்தானம். “டேப்ப ஸ்லோ பண்றேன். சுருதி எறங்கிடும். நீ பாடு. அப்புறம் பழைய ஸ்பீடுக்கே விட்டுட்டா சரியா உக்காந்துக்கும். விளம்பரத்துக்கெல்லாம் அப்படித்தான் பண்றோம்.”

பண்ணினார்கள். டோரீன் பாடினாள்; ‘ஸ்டே’ சுகமாக வந்தது. ஓட்டிக் கேட்டபோது, எட்டு வயசுப் பெண் ஒருத்தி பிஸ்கட்டுக்கு அடம்பிடிப்பது போலிருந்தது.

“யாரு இது?” என்றாள் டோரீன்.

“உன் தங்கச்சி” என்று ஹெர்பர்ட் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததால் டிரம் குச்சியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“அவ்ளோ ஒண்ணும் தெரியல டோர்” என்றான் க்ளென். “கேசட்ல வரும்போது யாரு இதக் கவனிக்கப்போறா?”

“கிடாரும் பேஸும் திரும்ப வாசிங்க. ஒரு கட்டை எறக்கி.”

சந்தானம்தான் விளக்கினார். “எட்டு டிராக்குமே ஃபுல்லும்மா. டிரம்ஸ் அப்படியே இருக்கலாம், அதுக்குச் சுருதி பிரச்னை இல்ல. ஆனா இருக்கிற கிடார அழிச்சாத்தான் அங்க வேற கிடார் ஏத்த முடியும். அஞ்சு மணிக்கு பஜனை பார்ட்டி இருக்கு. ஆர்மோனியம் ஆல்ரெடி படிக்கட்டுல வந்து உக்காந்தாச்சு. பேக பேகனே, சீக்கிரமா முடிவு பண்ணுங்க.”

அழிக்கச் சொன்னதில் என்ன இருக்கிறது என்று டோரீனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் அந்தப் பாட்டின் நடுவில் க்ளென் ஒரு சோலோ வாசித்திருந்தான். அவள் வந்து சேர்ந்ததும் நாலு தடவை அதைப் போட்டுக் காட்டினான். க்ளென் நல்ல கிடார்க்காரன்தான், ஆனால் அவ்வளவு நல்ல கிடார்க்காரன் இல்லை. அன்றைக்கு மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ வந்திருந்தது. விரல்கள் அவனைக் கேட்காமலே ஓடியிருந்தன. நாளெல்லாம் பாட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சந்தானமே தலையைத் தூக்கிப் பார்த்தாராம்.

“அது எனக்குத் திரும்ப வராது டோரீன்” என்றான் க்ளென்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் கேக்கறியா?”

“கேக்கறேன்.” அவள் குரல் பூஞ்சையாகத்தான் வந்தது, ஆனால் நின்றது. “ஹால் சாவிய நாளைக்கும் அப்பா குடுப்பாரு. நான் பாடலன்னாலும் குடுப்பாரு. நானே வாங்கித் தர்றேன். அதுக்காக என்னப் பேண்டுல வச்சுக்க வேணாம். நீ பாடினா நீயே பாடு, நான் பஸ்ஸு புடிச்சு வீட்டுக்குப் போறேன். நான்தான் பாடணும்னா என் குரல்ல பாடுறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

தான் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது என்பது க்ளெனுக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்திலிருந்து ஏறிய சிவப்பு காது வரைக்கும் போனது. பேஸ் கிடாரை முதலில் எடுத்தவன் ஹரிஷ். “எனக்கென்ன, பேஸ எவன் கேக்கறான்” என்று முனகியபடி கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தான். சற்று முன் அவளை ஓரங்கட்டச் சொன்ன வாய்தான் அது. டோரீன் சன்னமாகச் சுருதி பாடினாள். அதற்கு அவன் சேர்த்துக்கொண்டான்.

க்ளென் அந்தப் பெரிய டேப் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

“அழிங்க சார்.”

ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷம் வர வேண்டியது. டோரீனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு ஆயுசு முழுக்க அந்தச் சாவியைத்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பேஸ் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. கிடார் இரண்டாவது ஓட்டத்தில். சோலோ வந்த இடத்தில் க்ளென் காலையில் போன வழியைத் தேடிப் போய், பாதியில் வழி தவறி, தெரிந்த குறுக்குச் சந்து ஒன்றில் புகுந்து எப்படியோ வெளியே வந்தான். மோசமில்லை. மோசமில்லை என்பதே அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கதவுக்கு வெளியே பஜனைக்காரர்களின் செருமல் கேட்க ஆரம்பித்திருந்தது. டோரீன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாடினாள். ‘ஸ்டே’ வந்தது. ஹாலில் சனிக்கிழமைகளில் வருவது போலவே அலட்டல் இல்லாமல் வந்து உட்கார்ந்து, அவள் போகச் சொல்லும் வரை இருந்தது. கடைசியில் மட்டும் லேசாக ஒரு நடுக்கம்.

“இன்னொண்ணு போலாமா?” என்றார் சந்தானம்.

“வேணாம் சார். இதேதான்.”

ஹெர்பர்ட்டும் ஹரிஷும் டிரம்ஸ் ஏற்ற வண்டி தேடிப் போனார்கள். படிக்கட்டின் நடுவில் க்ளென் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பியை இன்னும் முறுக்கி ஏற்றியிருக்கவில்லை. மின்சாரம் இல்லாத கிடார், கொசு முனகுவது போல ஒலித்தது. டோரீன் அவனுக்கு மேல்படியில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் பாடியதெல்லாம் பொய்யாகிவிடும் என்றும் இருந்தது. கேட்கவில்லை. அவனும் சாவியைப் பற்றிச் சொன்னதற்குக் கேட்கவில்லை. உள்ளே ஆர்மோனியமும் தாளமும் தொடங்கிவிட்டன. அவள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள். காலையில் வாசித்ததைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். ஒரு இடம் வரைக்கும் வந்து அதற்கு மேல் போகத் தெரியாமல் விரல்கள் நின்றன.

டோரீன் அடுத்து வந்ததை வாயால் பாடினாள். கிடார் எப்படி வளைந்ததோ அப்படியே, வார்த்தையில்லாமல்.

க்ளென் திரும்பிப் பார்த்தான். அவன் விரல்கள் கம்பியில் அதைத் தடவிப் பார்த்தன. பக்கத்தில் எங்கோ தொட்டுவிட்டு வந்தன.

“இல்லடா, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு” என்று அவள் மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள். அவன் கிடாரின் மேல் கவிழ்ந்து, அவள் வாய்ப்பக்கம் காதைக் கொடுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.