பழைய மெஷின் பொய் சொல்லாது

தையல் கம்பெனியில் அவளுக்கு சி.ஐ.டி அண்ணி என்று பெயர். அவளை அண்ணி என்று கூப்பிட அங்கே ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு, மூன்றாவது வரிசையில் தைக்கிற அவளுடைய நாத்தனாருக்கு. ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் முறையா பார்க்கிறார்கள்? வீட்டில் பால் திரிந்தால் அவள் பாலைச் சந்தேகப்பட மாட்டாள், கடைசியாக அடுப்படிப் பக்கம் போனது யார் என்று பார்ப்பாள். அதிலும் முதலில் நாத்தனாரைத்தான் பார்ப்பாள். இப்படிப்பட்டவளுக்குக் கம்பெனி கொடுத்த வேலையும் பொருத்தமான வேலைதான். தைத்து வருகிற குழந்தைச் சட்டைகளில் உடைந்த ஊசித்துண்டு ஏதாவது தங்கியிருக்கிறதா என்று மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளமா என்று புருஷன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சோதனை அறையில் இப்போது இரண்டு மெஷின்கள். பழையது பெயின்ட் உரிந்த ஒரு மேசைப்பெட்டி. சட்டையைக் கையால் அதன் பலகைமேல் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். இரும்பு பட்டால் கீ என்று கத்தும். எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும். புதியது போன மாதம் வந்தது. சட்டையை பெல்ட்டில் வைத்தால் தானே இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பச்சை விளக்கைக் காட்டும். சத்தமே இல்லை. அதுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. வாய் திறக்காதவர்களை அவள் என்றைக்குமே நம்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை நாத்தனார் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். கிடைத்ததை நோட்டில் ஒட்டி, எங்கே கிடைத்தது என்று எழுதி, தைத்தவள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டை மறைத்துக் கையெழுத்துப் போட்டது தெரிந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். நாத்தனார் இரண்டு துண்டுகளை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணிக்கு மனசு ஆறவில்லை. நேரே போய் நாத்தனார் தைத்த கட்டில் இருந்த நாற்பது சட்டைகளின் தையலையும் விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் குத்திக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் நோட்டை எடுத்து, ஒட்டியிருந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்து அளந்தாள். முனைப் பக்கம் அரை அரிசி நீளம் குறைந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பிரிந்து வந்தவள், பள்ளிக்கூடம் போகிற மகளுக்கும் அவளுக்கும் இந்த வேலைதான் சோறு. வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்திருப்பாள், வேறென்ன? பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் அந்த முனை உரசப்போகிறதே என்று நினைத்தபோது கோபம்தான் ஜெயித்தது.

வியாழக்கிழமை காலையில் அந்த நாற்பது சட்டைகள் சோதனைக்கு வந்தன. புதிய மெஷின் நாற்பதுக்கும் பச்சை காட்டியது. மேனேஜர் உத்தரவுப்படி மூடி வைத்திருந்த பழைய மெஷினின் உறையை அண்ணி உருவினாள். முதல் சட்டை, கீ. இரண்டாவது, கீ. நாற்பதும் கத்தின.

நாற்பது சட்டையிலுமா ஊசி இருக்கும் என்று வேறு யாராயிருந்தாலும் யோசித்திருப்பார்கள். அண்ணியின் புத்தி அப்படிப் போகவில்லை. சரக்குச் சீக்கிரம் போக வேண்டுமென்று மேனேஜர்தான் புதிய மெஷினின் காதை அடைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“உங்க கிழட்டுப் பெட்டி காத்தடிச்சாலும் கத்தும்மா. இன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுடலாம்.”

“பழைய மெஷின் பொய் சொல்லாது சார். இந்த நோட்டைப் பாருங்க. முனை குறையுது.”

சொல்லிவிட்டாள். அவர் அளந்து பார்த்தார். முகம் மாறியது. நாத்தனாரைக் கூப்பிட ஆள் போனது.

“முழுசுன்னு நினைச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன் சார். சத்தியமா” என்றாள் நாத்தனார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, “வீட்டுலயே என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணி” என்றாள்.

“கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பியா?”

“முனை இந்தச் சட்டையில இருந்துச்சுன்னா நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்” என்றார் மேனேஜர்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒரு தடவை விட்டுப் பார்க்கறேன்” என்றாள். ஒரு சட்டையை எடுத்துப் பலகைமேல் தேய்த்தாள். மெஷின் மூச்சு விடவில்லை. இன்னொரு சட்டைக்கும் அப்படித்தான்.

“அழுத்தித் தேய்க்கணும்!” என்று அண்ணி பிடுங்கித் தேய்த்தாள். கீ.

“என்னடி தில்லுமுல்லு பண்றே?”

நாத்தனார் மறுபடி தேய்த்தாள், சத்தமில்லை. அண்ணி தேய்த்தாள், கீ. ஆள் பார்த்துக் கத்துகிறதே என்று மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டையைக் கீழ வைங்க அண்ணி. வெறும் கையை வைங்க.”

வளையல், மோதிரம், ஊக்கு எதுவும் போடாமல்தான் அந்த அறைக்குள் வருவது. அண்ணி அலட்சியமாக இடது கையை வைத்தாள். சத்தமில்லை. வலது கையை வைத்தாள்.

கீ.

எடுத்தாள். மறுபடி வைத்தாள். கீ. பிளாஸ்திரி சுற்றியிருந்த விரலை மட்டும் மடக்கிவிட்டு வைக்கலாமா என்று தோன்றியது, ஆனால் அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

நாத்தனார் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய் பிளாஸ்திரியைப் பிரித்தாள். விரல் சிவந்து வீங்கியிருந்தது. “கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று சொல்லி இரண்டு பக்கமும் அமுக்கினாள். ஒரு சொட்டுச் சீழோடு கறுப்பாக ஒரு முனை வெளியே வந்தது. நோட்டில் வைத்துப் பார்த்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது.

“சி.ஐ.டி அண்ணி ஆளைக் கையும் களவுமா பிடிச்சுட்டாங்க” என்றார் மேனேஜர். அந்தப் பெயரை அவர் அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. பழைய மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, இது இருக்கட்டும்” என்றவர், நாத்தனாரிடம், “நீயும் நாளைக்கு வந்துடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“வலிக்குதா அண்ணி?” என்றாள் நாத்தனார், விரலைத் துடைத்துக்கொண்டே.

திட்டியிருந்தால் அண்ணி பதிலுக்குத் திட்டியிருப்பாள். இப்படிக் கேட்டதும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது.

நோட்டை இழுத்து முனையை ஒட்டினாள். ‘துண்டு கிடைத்த இடம்’ என்ற கட்டத்தில் சட்டை என்று எழுதப்போய், பேனாவை நிறுத்திவிட்டு, ‘என் விரல்’ என்று எழுதினாள். ‘கண்டுபிடித்தவர்’ என்ற கட்டத்தில் இத்தனை வருஷமாக அவள் பெயரைத் தவிர வேறு பெயர் வந்ததில்லை. அங்கே நாத்தனாரின் பெயரை, வலிக்கிற விரலோடு, முழுசாக எழுதினாள்.